கட்டுச்சோறு: வலென்சியா நகரில் எட்டு நாள்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் பயணத் திட்டம் ஒன்றை இப்பகுதிக்கு அனுப்பி, "இது தகுமா?" என்று வினவியிருந்தார். பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு, மனைவி, இரு குழந்தைகள், எழுபது வயது நிரம்பிய அன்னையார் ஆகியோருடன் ஸ்பெயின் தேசத்தைக் கண்டு வர எண்ணியிருக்கிறார். பயண ஏற்பாட்டாளர் வகுத்துத் தந்த அட்டவணைப்படி, எட்டு நாட்களுக்குள் பார்ஸலோனா, மட்ரிட், ஸெவில், கிரனாடா ஆகிய நான்கு நகரங்களையும் பார்த்து முடித்தாக வேண்டும். காலை ஏழு மணிக்குப் பேருந்து. இரவு ஒன்பது மணிக்கு விடுதி. அன்னையார் புலால் உண்ணாதவர். அவருடைய உணவைப் பற்றி அட்டவணையில் காணப்படுவதோ, "இந்திய உணவு, கிடைக்குமாயின்" என்னும் ஒரே ஒரு வரி.

தகாது என்பதே நம் விடை. அந்நான்கு நகரங்களும் காணத்தக்கவை அல்ல என்பதன்று; ஒவ்வொன்றுக்கும் தனியே ஒரு வாரம் வேண்டும். ஆனால் நம்மைப் போன்ற குடும்பங்கள் ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோதான் கடல் கடந்து இன்பச் செலவு மேற்கொள்ள இயலும். அந்த ஒரு முறையும் பேருந்துச் சன்னலோரத்திலேயே கழியுமானால், வீடு திரும்பியபின் பேசுவதற்குப் புகைப்படங்கள் மட்டுமே எஞ்சும். ஒரே ஊரில் தங்கி, அவ்வூரார் உண்ணும் நேரத்தில் உண்டு, அவர்கள் கூடும் இடத்தில் கூடி வருவதே மேல். அப்படித் தங்குவதற்கு எந்த ஊர் என்று கேட்டால், அட்டவணையில் இடம் பெறாத வலென்சியாவையே நாம் சொல்வோம்.

மத்தியதரைக் கடலின் கரையில் துரியா என்னும் ஆறு வளம் செய்த சமவெளியில் அமைந்தது அந்நகரம். மக்கள் தொகை எட்டு இலட்சம் அளவில். ஸ்பெயினில் மூன்றாவது பெரிய நகரம். ரோமானியர் கி.மு. 138-இல் நிறுவியது. பின்னர் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முஸ்லிம் மன்னர்கள் ஆண்டனர். 1238-இல் அரகான் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அதனைக் கைப்பற்றினார். வரலாறு இவ்வளவு போதும். நமக்கு வேண்டிய செய்தி வேறு: அவ்வூர் நெல்லாலும் வாய்க்காலாலும் வாழ்ந்த ஊர். காவிரிக் கரையிலோ தாமிரபருணிக் கரையிலோ பாட்டனார் வீட்டைக் கண்டவர்களுக்கு அந்நகரின் வாழ்க்கை முறை விரைவில் பிடிபட்டுவிடும்.

பயணத் தேதியைக் குறிக்கும்போது முதலில் கிழமைகளைப் பாருங்கள். எட்டு நாட்களில் ஒரு வியாழக்கிழமை நண்பகலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலும் தவறாமல் இடம் பெற வேண்டும். மற்றவற்றை எப்படி வேண்டுமாயினும் மாற்றிக்கொள்ளலாம். செவ்வாயன்று போய்ச் சேர்ந்து மறு செவ்வாயன்று புறப்படுவது மிகவும் சௌகரியம்.

வியாழக்கிழமை ஏன்? அன்று நண்பகல் பன்னிரண்டு மணி அடித்ததும், தலைமைத் தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாயிலுக்கு முன் நீர் நீதிமன்றம் கூடுகிறது. கறுப்பு மேலங்கி அணிந்த எண்மர் வட்டமாக இடப்பட்ட நாற்காலிகளில் அமர்கின்றனர். இவர்கள் சட்டம் பயின்ற நீதிபதிகள் அல்லர். துரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் பாசனத்தார் தம்முள் தேர்ந்தெடுத்த உழவர்கள். சேவகர் ஒருவர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூவி, அவ்வாய்க்காலைச் சார்ந்த வழக்கு உண்டா என்று கேட்கிறார். முறை தவறித் தண்ணீர் பாய்ச்சியவன், அண்டை வயலுக்குள் நீரை விட்டவன், தன் பங்கு வாய்க்காலைத் தூர் வாராதவன் ஆகியோர் மீது வழக்கு வரும். வழக்கறிஞர் இல்லை, எழுத்து இல்லை, எல்லாம் வாய்மொழியே. தீர்ப்பும் அங்கேயே. குற்றம் சாட்டப்பட்டவனுடைய வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. ஆற்றின் எதிர்க்கரை வாய்க்கால்களின் பிரதிநிதிகளே தீர்ப்பை முன்மொழிகின்றனர். தலைமடை, கடைமடைச் சண்டைகளைக் கேட்டு வளர்ந்த நம் முதியோர் இந்த நுட்பத்தை உடனே மெச்சுவர்.

அரேபியர் காலந்தொட்டு இவ்வழக்கம் வருவதாகச் சொல்வர். வாய்க்காலைக் குறிக்கும் 'அஸேக்கியா' என்னும் சொல்லே அரபு மொழியிலிருந்து வந்ததுதான். 2009-இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மன்றத்தை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்தைப் பற்றிப் படித்திருக்கிறோம். அது கல்லில் நிற்கிறது. இங்கோ நாற்காலி போட்டு அமர்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான வியாழக்கிழமைகளில் வழக்கு ஒன்றும் இராது. பெயர்களைக் கூவி முடித்ததும் சில நிமிடங்களில் மன்றம் கலைந்துவிடும். "இதற்காகவா வந்தோம்?" என்று குழந்தைகள் கேட்கலாம். அப்போது அவர்களை வாயிலுக்கு எதிரேயுள்ள கன்னி மரியாள் சதுக்கத்து நீரூற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். நடுவில் சாய்ந்து படுத்திருக்கும் ஆடவன் துரியா ஆறு. சுற்றிலும் குடங்களிலிருந்து நீர் வார்க்கும் பெண்கள் எண்மரும் எட்டு வாய்க்கால்கள். சற்றுமுன் கூவப்பட்ட பெயர்களுக்கு அங்கே உருவம் கிடைத்துவிடும். அருகிலுள்ள மிகெலேத்தே மணிக்கோபுரத்தில் 207 படிகள், அதுவும் சுருள் படிகள். குழந்தைகள் தந்தையுடன் ஏறட்டும். பாட்டியார் சதுக்கத்தில் அமர்ந்து புறாக்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அம்மன்றத்தில் பேசப்படுவது ஸ்பானிய மொழியன்று, வலென்சியா மொழி. ஃபிராங்கோவின் நீண்ட ஆட்சியில், 1939 முதல் 1975 வரை, அம்மொழிக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லை. 1982-க்குப் பின்னரே அது ஆட்சி மொழிகளுள் ஒன்றாயிற்று. தெருப் பலகைகளில் இரு மொழிகளையும் காண்பீர்கள். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழியும் பேசி வாழும் நம் குழந்தைகளுக்கு இதனை விளக்கிச் சொல்ல அதிக நேரம் ஆகாது.

மத்தியச் சந்தை 1928-இல் திறக்கப்பட்டது. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளும் சேர்ந்த அந்த மண்டபத்தைப் பார்க்கக் கட்டணமில்லை. காலையில் திறந்து பிற்பகல் மூன்று மணி அளவில் மூடிவிடும், ஞாயிறன்று விடுமுறை. பாட்டியார் அதிகம் மகிழப்போகும் இடம் தேவாலயமோ அருங்காட்சியகமோ அன்று, இச்சந்தைதான் என்பது நம் கணிப்பு. தக்காளியிலேயே எத்தனை வகை! குங்குமப்பூ, அரிசிப் பைகள், 'கர்ரஃபோ' என்னும் பெரிய வெள்ளை அவரைப் பருப்பு, தட்டையான பச்சை அவரைக்காய் யாவும் அங்கே கிடைக்கும். மீன் பகுதியில் உயிருள்ள விலாங்குகள் தொட்டியில் நெளியும். வேண்டாதவர்கள் அப்பக்கம் போகாமலே சுற்றி வரலாம்.

சந்தைக்கு எதிரேயே 'லோன்ஹா' என்னும் பட்டு வணிக மாளிகை. 1482-இல் கட்டத் தொடங்கியது. 1996 முதல் உலக மரபுச் சின்னம். முறுக்கிய கயிறுகளைப் போன்ற உயரமான தூண்கள் பனைமரங்களாக விரிந்து கூரையைத் தாங்குகின்றன. பொய்யுரையாது, வட்டி வாங்காது வணிகம் செய்பவன் இம்மையில் செல்வமும் மறுமையில் பேரின்பமும் எய்துவான் என்னும் கருத்தை இலத்தீன் மொழியில் சுவரைச் சுற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். வட்டியைப் பற்றிய அப்பகுதியை எத்தனை வணிகர் படித்தனரோ!

உள் முற்றத்தில் ஆரஞ்சு மரங்கள் உண்டு. தெருக்களிலும் அவ்வாறே பழுத்துக் குலுங்கும். ஆசைப்பட்டுப் பறிக்க வேண்டா. தெருவோர மரங்களின் பழம் பெரும்பாலும் கசக்கும். அப்பழத்தை ஸ்பானியர் 'நரான்ஹா' என்பர். அச்சொல் அரபு, பாரசீகம் வழியாக வடமொழி 'நாரங்க'த்துக்குப் போய்ச் சேருகிறது. அதற்கும் மூலம் திராவிடமே என்பது சொல்லாராய்ச்சியாளர் பலருடைய கருத்து. நம் நாரத்தையை நினைத்துக்கொண்டு அந்தக் கசப்பைச் சுவைத்தால் வியப்பிராது.

இனி ஆற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நகரின் நடுவே கம்பீரமான பழங்காலக் கற்பாலங்களைக் காண்பீர்கள். கீழே எட்டிப் பார்த்தால் நீர் இராது; புல்வெளியும் மரங்களும் சைக்கிள் பாதைகளுமே இருக்கும். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் துரியா பெருகி நகரை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் அரசாங்கம் நகருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுக் கால் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டது. வறண்ட பழைய ஆற்றுப் படுகையில் விரைவு நெடுஞ்சாலை அமைப்பது அன்றைய திட்டம். ஊரார் எதிர்த்தனர். படுகை எங்களுடையது, அது பசுமையாகவே இருக்கட்டும் என்று கிளர்ச்சி செய்தனர். 1976-இல் படுகை நகரத்தார் கைக்கு வந்தது; 1980-களிலிருந்து பூங்காவாக வளர்ந்தது. இன்று சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளம். ஏற்றமில்லை, படியில்லை, வாகனமில்லை. முதியவர்களோடு நடப்பதற்கு ஐரோப்பாவில் இதனினும் நல்ல இடம் அரிது.

அப்பூங்காவில் தரையோடு கட்டுண்டு கிடக்கும் கல்லிவரின் பேருருவம் ஒன்றுண்டு. நீளம் சுமார் 70 மீட்டர். குழந்தைகள் லில்லிபுட் மனிதர்களாகி அவன் கைமீதும் சட்டை மடிப்பின்மீதும் ஏறிச் சறுக்கலாம், கட்டணமில்லை. கீழ்க்கோடியில் கலை, அறிவியல் நகரம் என்னும் வெண்ணிறக் கட்டடத் தொகுதி நிற்கிறது. அதன் பெரும்பகுதி அவ்வூரில் பிறந்த சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தது. முதற் கட்டடம் 1998-இல் திறக்கப்பட்டது. வெளியே நின்று பார்ப்பதே பாதி இன்பம். உள்ளே சென்றால் கடல்வாழ் உயிர்க்காட்சியகத்துக்கு முழுப் பகல் வேண்டும். நுழைவுக் கட்டணமும் அதிகம். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் மீண்டும் வெள்ளம் வந்தது. வலென்சியா மாகாணத்தில் இருநூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திருப்பிவிடப்பட்ட ஆறு நகரின் நடுப்பகுதியைக் காத்தது. புதுக் காலுக்குத் தெற்கே பைபோர்த்தா, கத்தர்ரோஹா முதலிய சிற்றூர்களில், ஓடைகள் பெருகி, தெருவில் நின்றவர்களை வாரிச் சென்றன. நீங்கள் நகரில் உலவும்போது இதன் சுவடு கண்ணில் படாது. ஆயினும் உங்களுக்குச் சோறு பரிமாறுபவர் அப்பக்கத்து ஊர்களிலிருந்து வருபவராக இருக்கக்கூடும். வெள்ளம் பட்ட தெருக்களைப் படம் எடுப்பதற்கென்று செல்லாதீர்கள். 2015-இல் சென்னை நீரில் மூழ்கியபோது தொலைபேசி கிடைக்காமல் இரவெல்லாம் தவித்த நம் குடும்பங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நகருக்குத் தெற்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில் அல்புஃபேரா ஏரி. அதனைச் சூழ்ந்து நெல்வயல்கள். நகரப் பேருந்திலேயே போகலாம். மே மாதத்தில் வயல்களில் நீர் கட்டி விதைப்பார்கள், கோடையில் பச்சைப் பாய், செப்டம்பரில் அறுவடை. மாலையில் எல் பால்மார் கிராமத்திலிருந்து படகேறிச் சூரியாஸ்தமனம் காண்பது வழக்கம். பிளாஸ்கோ இபாஞேஸ் என்னும் நாவலாசிரியர் 1902-இல் எழுதிய 'நாணலும் சேறும்' என்னும் கதை இங்கே நிகழ்வதுதான். ஞாயிறன்று நகரத்தாரே அங்குக் கூடுவதால் நெரிசல் மிகும், வெள்ளியன்று செல்லுங்கள்.

அந்நெல்லின் அரிசியைக் கொண்டு சமைப்பதே உலகறிந்த 'பயேயா'. உண்மையில் அது பாத்திரத்தின் பெயர்: இரு காதுகள் வைத்த, அகன்று தட்டையான இரும்புச் சட்டி. ஆலிவ் எண்ணெயில் இறைச்சியையும் காய்களையும் வதக்கி, நீர் வார்த்துக் கொதித்தபின் குங்குமப்பூவும் அரிசியும் இடுவர். அரிசி விழுந்தபின் கிளறுதல் கூடாது. ஆரஞ்சு விறகில் எரித்தால் சிறப்பு. அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் பொருக்குக்கு 'ஸொக்கர்ராத்' என்று பெயர். நம் வீடுகளில் சண்டையிட்டுக்கொண்டு தின்ற காந்தலேதான். அங்கும் அதற்குப் போட்டி உண்டு. சட்டியை நடுவில் வைத்து, அவரவர் முன்னுள்ள பகுதியை மரக்கரண்டியால் எடுத்து உண்பது பழைய முறை.

ஞாயிற்றுக்கிழமையை வற்புறுத்தியது இதற்காகவே. ஞாயிறு பகல் குடும்பத்தோடு கூடி உண்பது அவ்வூர் வழக்கம். அரிசி உணவு பகலுக்கே உரியது. இரவில் பயேயா உண்பவன் வெளியூரான் என்று அறிந்துகொள்வர். உணவு நேரம் இரண்டு மணிக்கு மேல். பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். இரவு உணவு ஒன்பதுக்குப் பின். இடையில் பசியாற, முற்பகல் பத்து மணி அளவில் ரொட்டியும் வேர்க்கடலையும் ஆலிவ் காயுமாக ஒரு சிற்றுண்டி கொள்வது அவ்வூரில் பெருவழக்கு. வார நாட்களில் பகலுக்கு மட்டும் நிர்ணய விலைச் சாப்பாடு பல கடைகளில் உண்டு. அதனைப் பெரிய உணவாகக் கொண்டு இரவை எளிதாக முடித்தால் செலவு வெகுவாகக் குறையும்.

அன்னையாரைப் பற்றிய கேள்விக்கு வருவோம். வலென்சியா பயேயாவில் கோழியும் முயலும் சேரும். காய்கறி மட்டும் இட்டுச் சமைப்பதும் உண்டு. அதன் பெயர் 'அர்ரோஸ் தே வெர்தூராஸ்'. ஆனால் அரிசி வெந்த நீர் எதுவென்று கேட்க வேண்டும். மீன் சாற்றிலோ கோழிச் சாற்றிலோ வேகவைத்துவிட்டுக் காய்கறி உணவு என்று மனமாரச் சொல்பவர் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. சாறு புலால் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அவ்வாறே இறைச்சி வேண்டாம் என்றால் பன்றித் தொடைக் கறியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவரும் உளர். 'வெஹெத்தால்' என்று பெயரிட்ட காய்கறி ரொட்டிக்குள் சூரை மீன் ஒளிந்திருப்பது சகஜம். ஆகவே இறைச்சி, மீன், பன்றித் தொடை மூன்றையும் தனித்தனியே விலக்கி, "காய்கறிச் சாறு மட்டும்" என்று ஸ்பானிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எழுதிய சீட்டு, உணவகத்தில் சைகை காட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஞாயிறு உணவுக்கு முந்திய நாளே சொல்லி வையுங்கள். பெரும்பாலும் இருவருக்குக் குறைந்து சமைப்பதில்லை. எனவே மருமகளும் அன்று அன்னையாரோடு சேர்ந்து காய்கறிச் சட்டியையே உண்பது நன்று.

அதே சட்டியில் நேற்று முயல் வெந்திருக்குமே என்று அவர் தயங்குவாராயின், அத்தயக்கத்தை யாரும் நகையாடக் கூடாது. விடுதி அறைக்குப் பதிலாகச் சமையலறையுடன் கூடிய வாடகைக் குடியிருப்பைப் பிடித்தால் இத்தொல்லை தீரும். சந்தையில் வாங்கிய காய்கறி, பால், தயிர் இருக்க, குறை என்ன? அரிசியில் மட்டும் கவனம். 'போம்பா' குழையாது, புளியோதரைக்கு அருமை. 'ஸேனியா' குழைந்து வரும். பொங்கலுக்கும் தயிர் சாதத்துக்கும் அதுவே ஏற்றது.

இனிப்புக்கு நம் பாயசத்தின் உறவினர் போன்ற பாலரிசி, இலவங்கப்பட்டையும் எலுமிச்சைத் தோலும் மணக்கக் கிடைக்கும். வெயில் வேளையில் 'ஓர்ச்சாத்தா' அருந்துங்கள். நம் கோரையின் இனத்தைச் சேர்ந்த புல்லின் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் அது. ஆவின் பால் ஒரு துளியும் இல்லை. அக்கிழங்கு விளையும் அல்போராயா ஊருக்கு மெட்ரோ ரயிலில் போய் அங்கேயே பருகுவது சிறப்பு. 'வலென்சியா நீர்' என்று பட்டியலில் கண்டால் தண்ணீர் என்று எண்ணிக் குழந்தைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். ஆரஞ்சுச் சாற்றில் மூன்று வகை மதுவைக் கலந்தது அது.

காலம்: ஏப்ரல் இறுதியும் மே மாதமும் உத்தமம்; நம் பள்ளி விடுமுறைக்கும் பொருந்தும். மார்ச் 15 முதல் 19 வரை ஃபாய்யாஸ் திருவிழா. பேருருவப் பொம்மைகளைக் கடைசி இரவில் கொளுத்துவர்; பகலிலேயே வெடிகள் காதைப் பிளக்கும். இளைஞர் போகலாம், முதியோருக்கு வேண்டா, அறை வாடகையும் ஏறிவிடும். மட்ரிட்டில் இறங்கினால் விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி; விடுமுறைக் காலத்தில் அது போதாது. 2024 ஜூன் முதல் பெரியவர்க்குக் கட்டணம் 90 யூரோ. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்குப் பாதி. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி இன்றியமையாதது. விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

மூட்டை கட்டுமுன் ஒன்று. ஐரோப்பிய எல்லைக்குள் பாலால் ஆன பண்டங்களைப் பயணிகள் கொண்டு செல்லத் தடையுண்டு. நெய், பால்கோவா, பேடா மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் அவ்வாறே. சாம்பார்ப் பொடியும் பருப்புப் பொடியும் ஒரு புட்டி புளிக்காய்ச்சலும் போதும். தாளிப்பதற்கு அவ்வூர் ஆலிவ் எண்ணெயை வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் அதன் வாசனை அன்னையாருக்குப் பிடிக்காது. மூன்றாம் நாள் பழகிவிடும்.